கடலைச் செடியில் எறும்பு ஏறினால்...

வேங்கிக்கால் பக்கம் நிலக்கடலை, காராமணி பயிரிடுவோர் செடியில் எறும்பு சாரை சாரையாக ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். அது இலையைத் தின்ன வருவதல்ல. கொழுந்தில் அடைந்திருக்கும் அசுவினி கழிக்கும் இனிப்பு நீருக்காக ஏறுகிறது. அதற்குக் கூலியாக, அசுவினியைத் தின்ன வரும் பொறிவண்டை விரட்டுகிறது.

இந்தக் கூட்டு மிகப் பழையது. ஐரோப்பாவின் பால்டிக் கடலோரத்தில், மரப்பிசின் இறுகிக் கல்லான அம்பர் கிடைக்கிறது. அதில் சிக்கிய எறும்பு இனம் ஒன்றை 1868-ல் ஆஸ்திரிய அறிஞர் மயர் விவரித்தார். இன்று அந்த இனமே பூமியில் இல்லை. பின்னர் அமெரிக்க அறிஞர் வீலர் ஆராய்ந்த ஒரு துண்டில் அதே எறும்புகள் அசுவினிகளோடு சேர்ந்தே கிடந்தன. வயது மூன்றரைக் கோடி ஆண்டுக்கு மேல்! நம் நாட்டிலும், குஜராத்தில் நெய்வேலி போன்ற பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களில் கிடைக்கும் சுமார் 5 கோடி ஆண்டுப் பழமையான அம்பரில் எறும்புகள் உள்ளன.

ஆகவே எறும்புக்குத் தூள் மருந்து போட்டுக் காசைக் கரைக்காதீர்கள். எறும்பு ஏறும் செடியின் கொழுந்தைத் திருப்பிப் பாருங்கள். அசுவினி மிகுந்திருந்தால் 5 சத வேப்பங்கொட்டைச் சாற்றில் சிறிது காதி சோப்புக் கரைசல் கலந்து மாலையில் தெளிக்கவும். இனிப்பு நின்றால் எறும்பும் இறங்கிவிடும். பொறிவண்டு நிறைய உள்ள பாத்தியில் மட்டும் தெளிக்க வேண்டாம்.