பழைய எண், புதிய எண்

அன்புள்ள தம்பிக்கு,

செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே பள்ளி, ஜெராக்ஸ் கடை, கடலோர விடுதி என்று கம்ப்யூட்டர் பார்க்கும் வேலையை இப்போதுதான் கையில் எடுத்திருக்கிறாய். லினக்ஸ் போட்டு முடித்து, திரையெல்லாம் பளிச்சென்று வந்த பிறகு நெட் மட்டும் வராமல் நிற்கும் நாள் சீக்கிரமே வரும். அன்றைக்கு உன் கை தானாகப் பென்டிரைவைத் தேடும். ஃபார்மட் அடித்து மறுபடி போட்டுவிடலாம் என்று தோன்றும். அந்தக் கையைக் கொஞ்சம் பிடித்து நிறுத்தத்தான் இதை எழுதுகிறேன். நெட் வராததற்கான காரணங்களில் பல ஃபார்மட் எட்டாத இடத்தில் இருக்கின்றன. எட்டுகிற இடத்திலும் அது தடயத்தைத் துடைத்துவிட்டு, பல சமயம் அதே கோளாறைப் புதிதாகக் குடியேற்றுகிறது.

வயர்லெஸ் கார்டையே எடுத்துக்கொள். பல கார்டுகளுக்கு டிரைவர் மட்டும் போதாது. இயங்கத் தொடங்கும்போது கார்டுக்குள் ஏற்றவேண்டிய ஃபர்ம்வேர் என்ற கோப்பும் வேண்டும். அது கட்டற்ற உரிமத்தில் வராததால் டெபியன் நெடுங்காலம் அதைத் தன் அதிகாரபூர்வ இன்ஸ்டாலரில் சேர்க்கவில்லை. 2022ல் டெபியன் டெவலப்பர்கள் வாக்களித்து அந்த நிலையை மாற்றினார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் அது இன்ஸ்டாலருக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே உன் பென்டிரைவில் இருப்பது பழைய டெபியன் 11 என்றால், பத்துத் தடவை போட்டாலும் பத்துத் தடவையும் அதே மௌனம்தான். மெஷின் என்னவோ மௌனமாக இல்லை. ‘எல்எஸ்பிசிஐ -கே’ என்று கேட்டால் கார்டின் பெயரும் அதைக் கையாளும் டிரைவரின் பெயரும் அடுத்தடுத்த வரிகளில் வரும். டிரைவர் வரி இல்லையென்றால் பாதி விடை கிடைத்துவிட்டது. ‘டிமெசேஜ்’ காட்டும் கெர்னல் பதிவில், தேடிக் கிடைக்காத கோப்பு பெயரோடு இருக்கும். பக்கத்தில் நிற்கும் மைனஸ் 2 என்ற எண்ணுக்கு ‘அப்படி ஒரு கோப்பே இல்லை’ என்று பொருள். நெட்டே இல்லாமல் அதை எப்படி இறக்குவது என்பாய். போனை யுஎஸ்பி ஒயரில் மாட்டி டெதரிங் போடு. லினக்ஸ் கண்ணுக்கு அதுவும் ஒரு நெட்வொர்க் கார்டுதான்.

அடுத்தது பெயர்க் குழப்பம். சென்னைத் தெருக்களில் பழைய எண், புதிய எண் என்று ஒரே வீட்டுக்கு இரண்டு எண் பார்த்திருப்பாய். ஈத்0 என்பது பழைய எண். கெர்னல் எந்தக் கார்டை முதலில் கண்டதோ அதற்குக் கொடுத்தது. 2013ல் வந்த சிஸ்டம்டி 197, கார்டு செருகியிருக்கும் இடத்தைக் கொண்டு ஈஎன்பி3எஸ்0 என்பது போலப் பெயர் வைக்கத் தொடங்கியது: மூன்றாம் பஸ், பூஜ்யம் ஸ்லாட். இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் புதிதாக ஒரு எஸ்எஸ்டியைச் செருகினால் சில மதர்போர்டுகளில் பஸ் எண் தள்ளிப்போய், நேற்றைய 3 இன்று 4 ஆகிவிடும். கார்டு நலம், டிரைவர் நலம். அமைப்புக் கோப்பில் மட்டும் பழைய விலாசம். ‘ஐபி லிங்க்’ காட்டும் பெயரையும் கோப்பில் எழுதியிருக்கும் பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முடிந்தது வேலை. பழைய லினக்ஸ் ஓடும் பள்ளி லேப்களில் இதன் அண்ணன் ஒருவன் உண்டு. ஒரு கணினியில் எல்லாம் சரிசெய்து, அதே வட்டை மற்றவற்றுக்கு நகலெடுப்பார்கள். முதல் கார்டின் மேக் முகவரி யூடெவ் விதிக் கோப்பில் பதிந்திருப்பதால், நகல் வாங்கிய மெஷின்களில் கார்டு ஈத்1 ஆகிவிடும். மறுபடி நகலெடுத்தால் மறுபடி ஈத்1.

இரண்டு சிஸ்டம் ஒரே பெட்டியில் இருப்பது நம் ஊருக்குப் புதிதல்ல. 2011ல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினியில் விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் வந்தது. இப்படி இரண்டு சிஸ்டம் உள்ள கணினிகளில் ஒரு விசித்திரம் நடக்கும். விண்டோஸ் அணையும்போது சில லேன் கார்டுகளை அரைத்தூக்கத்தில் விட்டுப்போகும். பின்னால் வரும் லினக்ஸால் எழுப்ப முடியாது. குற்றவாளி ஒரு பார்ட்டிஷனில், தண்டனை இன்னொன்றுக்கு! மின் இணைப்பைப் பிடுங்கி ஒரு நிமிடம் விட்டாலே கார்டு விழித்துக்கொள்வது வழக்கம். நிரந்தரத் தீர்வு விண்டோஸின் அமைப்புகளில், ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்பதை அணைத்துவைப்பதில் இருக்கிறது.

மல்லையின் ரதங்களை மேலிருந்து கீழாகச் செதுக்கினார்கள். முடிக்காத இடங்கள் அடிப்பாகத்தில் நிற்பது அதனால்தான். நம் வேலைக்கு வரிசை தலைகீழ்: ஒயரிலிருந்துதான் மேலே ஏறவேண்டும். அதுவும் கடற்கரையில். உப்புக் காற்று பட்ட கனெக்டரின் பித்தளை நிற ஊசிகளில் பச்சை படரும்; விலை குறைந்த, அலுமினியத்தில் செம்பு பூசிய கேபிள் இன்னும் சீக்கிரம் போகும். நூறு எம்பி வேகத்துக்கு இரண்டு ஜோடிக் கம்பி போதும், ஜிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். ‘எத்டூல்’ கேட்டு வேகம் 100 என்று வந்தால், இரண்டு முனையும் ஜிகாபிட்டாக இருந்தும் அப்படி வந்தால், ஒரு ஜோடி போய்விட்டது என்று சந்தேகப்படு. ‘ஐபி லிங்க்’ கேட்டு ‘நோ-கேரியர்’ என்று வந்தால் கீபோர்டைத் தொடாதே, கேபிளை மாற்று.

விடுதி முதலாளி தலைக்குமேல் நிற்கும்போது ஆராய்ச்சிக்கு ஏது நேரம் என்று கேட்பாய். நியாயம்தான். ஆனால் ஃபர்ம்வேர், பெயர், விண்டோஸ், ஒயர் என்ற இந்த நான்கையும் பார்க்க ஒரு டீ ஆறும் நேரம் போதும். ஃபார்மட் அடித்தால் அரை மணியாவது போகும். ஃபார்மட் அடித்துச் சரியான கேஸ்கள் உண்டே என்பாய். உண்டு. ஒருவேளை பவரை அணைத்ததில் சரியாகியிருக்கும், ஒருவேளை இரண்டாம் முறை இன்ஸ்டாலரில் வேறு எதையோ தேர்ந்தெடுத்திருப்பாய். எது என்று தெரியாததால் அடுத்த கேஸிலும் முதலிலிருந்து தடவவேண்டியதுதான். சில நூறு ரூபாய்க்கு யுஎஸ்பி வைஃபை டாங்கிள் வாங்கிச் செருகுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, அவசரத்துக்கு உதவும். வாங்குமுன் உள்ளே என்ன சிப் என்று பார். சிலவற்றுக்குக் கெர்னலோடு வராத டிரைவரைத் தனியே கம்பைல் செய்து கட்டவேண்டும். கெர்னல் மாறும்போதெல்லாம் திரும்பக் கட்டவேண்டும். அப்டேட் ஓடிய மறுநாள் காலை போன் உனக்குத்தான் வரும்.

பையில் மூன்று பொருள் எப்போதும் இருக்கட்டும்: ஃபர்ம்வேரோடு கூடிய புதிய இன்ஸ்டாலர், டெதரிங் ஒயர், உன் கையால் சோதித்த இரண்டு மீட்டர் செம்புக் கேபிள். அந்தக் கேபிளை மட்டும் யாருக்கும் இரவல் கொடுத்துவிடாதே.

அன்புடன்,
உன் அண்ணன்