உள்ளங்கையில் ஒரு பஃபலோ

ஜொகூர் மாநிலத்தின் நடுவே அமைந்துள்ள குளுவாங் நகரை ஒட்டி ஒரு விமானத் தளம் உண்டு. மலேசியத் தரைப்படையின் ஹெலிகாப்டர்கள் இன்று அங்கிருந்து எழும்புகின்றன. இரண்டாம் உலகப் போரின்போது அது பிரிட்டிஷாரின் வசம் இருந்தது. 1942ஆம் ஆண்டு ஜனவரி மாத இறுதியில் ஜப்பானியப் படை அதைக் கைப்பற்றி, அங்கிருந்தே சிங்கப்பூரைத் தாக்கியது.

அந்நாள்களில் மலாயாவின் வானைக் காக்கும் பொறுப்பு பெரும்பாலும் ஒரே வகைப் போர் விமானத்தின்மேல் சுமத்தப்பட்டிருந்தது. அதன் பெயர் புரூஸ்டர் பஃபலோ. அமெரிக்காவின் நியூயார்க் நகரில் உருவாக்கப்பட்ட அந்தக் குட்டையான, பருத்த விமானத்தை பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, நியூசிலாந்து விமானிகள் இங்கே ஓட்டினர். மலாயாவில் பறந்த பஃபலோக்களுள் ஒன்றுகூட இன்று முழு உருவில் எஞ்சவில்லை. உலகிலேயே ஏறக்குறைய முழுமையாகக் கிடைத்திருப்பது பின்லாந்து வான்படைக்குச் சொந்தமாயிருந்த ஒன்றுதான். அதுவும் 1998ஆம் ஆண்டில் ரஷ்யாவின் கரேலியா பகுதியிலுள்ள ஏரி ஒன்றின் அடியிலிருந்து தூக்கியெடுக்கப்பட்டது. ஆகவே, ஜொகூரில் வாழும் மாணவர் ஒருவர் இவ்விமானத்தைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்க விரும்பினால் அவருக்குள்ள வழி ஒன்றுதான். அதன் மாதிரியைத் தாமே செய்துகொள்ள வேண்டும்.

மாதிரி விமானம் என்றதும் சிறுவர் விளையாட்டுப் பொருள் என்று பலர் எண்ணுகின்றனர். விளையாட்டு விமானத்திற்கு இறக்கையும் சக்கரமும் இருந்தால் போதும். மாதிரி விமானத்திற்கோ அளவு வேண்டும். உண்மை விமானத்தின் ஒவ்வொரு பகுதியும் ஒரே விகிதத்தில் சுருக்கப்பட்டிருக்க வேண்டும். உலகெங்கும் பரவலாக வழங்கும் விகிதம் 1:72 ஆகும். 72 என்ற எண் எங்கிருந்து வந்தது? ஆறடி என்பது 72 அங்குலம். எனவே, ஆறடி உயரமுள்ள ஒரு விமானி இந்த விகிதத்தில் சரியாக ஓர் அங்குலம் ஆகிவிடுகிறார். அடியையும் அங்குலத்தையும் கொண்டு கணக்கிட்டவர்களுக்கு அது மிக எளிதாக இருந்தது. பஃபலோவின் இறக்கைகள் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை 10.67 மீட்டர். 1:72 விகிதத்தில் அது 14.8 சென்டிமீட்டர், உள்ளங்கையில் அடங்கிவிடும். 1:48 விகிதத்தில் 22 சென்டிமீட்டரைச் சற்றுத் தாண்டும்.

இந்தக் கணக்கைத் தலைகீழாகவும் போட்டுப் பார்க்கலாம். மாதிரியின் இரு பாகங்கள் சேருமிடத்தில் அரை மில்லிமீட்டர் இடைவெளி விழுந்தால் என்ன கெட்டுவிடும் என்று தோன்றும். அதை 72ஆல் பெருக்கினால் 3.6 சென்டிமீட்டர். இரண்டு விரல்கள் நுழையும் ஓட்டையோடு எந்த விமானமும் பறந்ததில்லை. இக்கலையில் பொறுமை வேண்டும் என்று சொல்வதற்கு இந்த ஒரு பெருக்கல் கணக்கே போதிய காரணம்.

இத்தகைய மாதிரிகள் ஒரு காலத்தில் உயிர்காக்கும் கருவிகளாகவும் இருந்தன. வானில் வருவது நம் விமானமா எதிரியின் விமானமா என்பதை ஓரிரு நொடிகளில் கண்டுகொள்ளப் படைவீரர்கள் பழக வேண்டியிருந்தது. அதற்காக 1942இல் அமெரிக்கக் கடற்படை அந்நாட்டு உயர்நிலைப்பள்ளி மாணவர்களிடம் ஐந்து லட்சம் மர மாதிரிகளைச் செய்து தருமாறு கேட்டது. அம்மாணவர்கள் கையில் கத்தியும் உப்புத்தாளும் எடுத்து, 1:72 விகிதத்தில் மரத்தைச் செதுக்கினர். போருக்குப் பின் நெகிழி மலிவானது. மரத்தின் இடத்தை அது பிடித்துக்கொண்டது. ஜப்பானின் ஷிசுவோக்கா நகரில் 1946இல் மரம் அறுக்கும் தொழிலாகத் தொடங்கிய தாமியா நிறுவனம் பின்னர் மர மாதிரிகளுக்கும், 1960இல் நெகிழி மாதிரிகளுக்கும் மாறியது. இன்று பஃபலோவின் 1:48 மாதிரியைத் தேடுவோர் கைக்கு வருவது பெரும்பாலும் அந்நிறுவனத்தின் பெட்டிதான். ஜப்பானிய விமானங்களிடம் தோற்ற ஒரு விமானத்தை ஜப்பானிய நிறுவனமே அக்கறையோடு செய்து விற்பது சற்று வியப்பூட்டும் செய்தியே.

பெட்டியைத் திறந்தால், நெகிழிச் சட்டங்களில் காய்கள்போல் பாகங்கள் தொங்கும். அவற்றை முறுக்கிப் பிய்த்தெடுப்பது தொடக்கநிலையாளர் செய்யும் முதல் தவறு. கூரிய வெட்டுக்குறடால் சற்றுத் தள்ளி வெட்டியெடுத்து, எஞ்சிய முளையை அரத்தாலும் உப்புத்தாளாலும் தேய்க்க வேண்டும். ஒட்டுவதற்கு முன் பாகங்களைப் பசையின்றிப் பொருத்திப் பார்ப்பது நல்லது. நெகிழிப் பசை சாதாரணக் கோந்தைப் போன்றதன்று. அது நெகிழியைக் கரைத்து இரு பாகங்களையும் ஒன்றாக்கிவிடும். பிறகு பிரிக்க இயலாது. அதன் ஆவியைச் சுவாசிப்பது தீங்கு என்பதால் சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டே வேலை செய்ய வேண்டும்.

வேலை வெளியிலிருந்து தொடங்குவதில்லை. விமானி அறையே முதலில் முடிக்கப்படும். இருக்கை, கட்டுப்பாட்டுக் கோல், கருவிப் பலகை ஆகியவற்றுக்குச் சாயம் பூசி முடித்த பிறகே உடலின் இரு பாதிகளும் சேர்க்கப்படும். பஃபலோவில் கூடுதலாக ஒரு வேலை உண்டு. விமானி கீழே பார்ப்பதற்காக அதன் வயிற்றில் ஒரு சன்னல் இருந்தது. அதையும் மேலேயுள்ள கண்ணாடிக் கூண்டையும் ஒட்டுவதற்குச் சூப்பர் பசையைத் தொடவே கூடாது. அதன் ஆவி பட்டால் தெளிந்த நெகிழி வெண்மை படர்ந்து மங்கிவிடும். பள்ளியில் பயன்படுத்தும் வெள்ளைப் பசையே அங்கே ஏற்றது. காய்ந்ததும் அது கண்ணுக்குத் தெரியாது. விமானத்தின் முதுகில் ஓடும் வானொலிக் கம்பியைச் செய்ய வேறொரு தந்திரம் இருக்கிறது. வெறுமையான சட்டத்துண்டு ஒன்றை மெழுகுவத்திச் சுடருக்கு மேலே, சுடர் படாமல் காட்ட வேண்டும். அது இளகும்போது இரு முனைகளையும் மெதுவாக இழுத்தால் தலைமுடி போன்ற இழை கிடைக்கும். பெரியவர் ஒருவர் அருகில் இருக்கும்போது மட்டுமே இதைச் செய்ய வேண்டும்.

சாயம் பூசும் கட்டத்தில் ஜொகூரின் வானிலையும் குறுக்கிடுகிறது. ஆண்டின் இறுதியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கி, மெர்சிங் கரையோரம் நாள்கணக்கில் ஈரம் தேங்கும்போது, தெளிப்பு மெருகுகள் சில காய்கையில் காற்றிலுள்ள ஈரத்தை வாங்கிப் பால்போல் வெளுத்துவிடும். அதனால், மழை ஓய்ந்த நண்பகலுக்காகக் காத்திருப்பதும் இக்கலையின் ஒரு பகுதியாகிவிடுகிறது. சாயத்தைத் தடித்த ஒரே பூச்சாகப் பூசாமல், நீர்த்த பல பூச்சுகளாகப் பூச வேண்டும். தொலைவிலுள்ள பொருளின் நிறம் சற்று வெளிறித் தெரியும் அல்லவா? சிறிய மாதிரியும் தொலைவில் நிற்கும் விமானம்போல் தோன்ற வேண்டும் என்பதால், தேர்ந்தவர்கள் சாயத்தில் சில துளி வெள்ளை கலப்பர்.

இவை எல்லாம் கைத்திறன். மாதிரி உண்மையானதா என்பதைத் தீர்மானிப்பது வேறொன்று. எந்த நாளில் பறந்த பஃபலோவைச் செய்கிறோம் என்பதை முதலிலேயே முடிவு செய்தாக வேண்டும். அதிலிருந்துதான் மற்றவை பிறக்கின்றன.

இறக்கையிலும் உடலிலும் ஒட்டப்படும் வட்டச் சின்னத்தை எடுத்துக்கொள்வோம். 1941 டிசம்பரில் மலாயாவில் பறந்த பஃபலோக்களின் சின்னத்தின் நடுவில் சிவப்பு வட்டம் இருந்தது. ஜப்பானிய விமானங்களின் சின்னமும் சிவப்பு வட்டமே. வானில் இரண்டும் குழம்பும் என்பதால், பசிபிக் போர்முனையில் ஆஸ்திரேலியரும் ஆசியப் போர்முனையில் பிரிட்டிஷாரும் பின்னர்ச் சிவப்பை நீக்கிவிட்டனர். ஆகவே, சிவப்பில்லாத சின்னத்தை ஒட்டிய மலாயா பஃபலோ, பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும் பொய்யானது.

துப்பாக்கிகளின் கதை இன்னும் நுட்பமானது. பஃபலோவில் அரை அங்குல விட்டமுள்ள நான்கு இயந்திரத் துப்பாக்கிகள் இருந்தன. மலாயாவின் வெப்பத்திலும் முழுச் சுமையோடும் அது உயரம் ஏறத் திணறியது. லாவகமாகத் திரும்பும் ஜப்பானிய ஹயபுசாவுக்கு அது ஈடுகொடுக்கவில்லை. எடையைக் குறைக்க என்ன செய்வது? சில விமானங்களில் பெரிய துப்பாக்கிகளைக் கழற்றிவிட்டு 0.303 அங்குலத் துப்பாக்கிகளைப் பொருத்தினர். தோட்டாக்களையும் எரிபொருளையும் குறைத்தனர். இப்படி ஏறத்தாழ 450 கிலோகிராம் எடை இறங்கியது. விமானம் கொஞ்சம் வேகம் பெற்றது. ஆனால், சண்டையிடும் வலு குறைந்தது. இத்தனையும் மாதிரியில் தெரிவது எங்கே? இறக்கை விளிம்பிலுள்ள துப்பாக்கித் துளையின் பருமனில் மட்டும்தான். குண்டூசித் தலை அளவுகூட இல்லாத அந்தத் துளையைச் சரியான அளவில் இடுபவருக்கு, அதற்குப் பின்னால் இருந்த விமானிகளின் தவிப்பு தெரிந்திருக்கிறது. இதே வகை விமானத்தைக் கொண்டு பின்லாந்து விமானிகள் பல வெற்றிகள் பெற்றனர் என்பதையும் சொல்லியாக வேண்டும். குறை முழுவதையும் இயந்திரத்தின் தலையில் கட்டிவிட முடியாது.

1942 ஜனவரி 26ஆம் நாளைத் தேர்ந்தெடுக்கும் மாதிரிக் கலைஞர்களும் உள்ளனர். அன்று ஜொகூரின் வடகிழக்கு எல்லையிலுள்ள எண்டாவ் கடற்கரையில் ஜப்பானியக் கப்பல்கள் படையினரை இறக்கிக்கொண்டிருந்தன. அவற்றைத் தாக்கச் சிங்கப்பூரிலிருந்து வில்டெபீஸ்ட் என்னும் பழைய விமானங்கள் புறப்பட்டன. ஈரடுக்கு இறக்கையும் கூரையில்லா விமானி அறையும் கொண்ட அவற்றின் வேகம் பஃபலோவின் வேகத்தில் பாதியைக்கூட எட்டவில்லை. பஃபலோக்களும் ஹரிக்கேன்களும் பாதுகாப்புக்கு உடன் சென்றன. பட்டப்பகலில் நடந்த அந்த இரு தாக்குதல்களில் பத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் திரும்பி வரவில்லை.

அந்த நாளுக்குரிய பஃபலோவில் புதிய சாயத்தின் மினுமினுப்பு இருக்கக் கூடாது. ஏறத்தாழ ஏழு வாரப் போர் அதன்மேல் படிந்திருக்க வேண்டும். புகைக்குழாய்க்குப் பின்னால் கரும்புகைத் தடம், விமானி கால் வைத்து ஏறும் இறக்கை அடியில் உரிந்த சாயம், சக்கரங்களில் செம்மண். மேற்புறத்திற்குக் கரும்பச்சையும் மண்நிறமும் என்பதில் ஐயமில்லை. அடிப்புறத்தின் நிறத்தைப் பற்றி மட்டும் மாதிரிக் கலைஞர்கள் இன்றும் வாதிட்டுக்கொண்டிருக்கின்றனர். அவர்களிடம் உள்ள சான்றுகளுள் பெரும்பாலானவை கறுப்பு வெள்ளைப் படங்கள். சாம்பல் நிறமாகத் தெரியும் ஓர் இறக்கையை உருப்பெருக்கியின் கீழ் வைத்துக்கொண்டு, அது வெளிர்நீலமா வெளிர்பச்சையா என்று அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கின்றனர்.