புள்ளிக்குப் பின்னால் மூன்று எண்கள்

முழம், சாண், படி, வீசை. இவை நம் பெரியவர்கள் சொன்ன அளவுகள். பூவை இன்றும் முழம் போட்டுத்தான் வாங்குகிறோம். பூக்காரம்மாவின் கை நீளமாக இருந்தால் நமக்கு லாபம். குட்டையாக இருந்தால் நட்டம். பூவில் இது பெரிய விஷயம் இல்லை. அரிசியில் இப்படி இருந்தால்?

முன்பு அப்படித்தான் இருந்தது. ஓர் ஊரில் சின்னப் படி. இன்னோர் ஊரில் பெரிய படி. வடநாட்டில் சேர், மணு என்று நிறுத்தார்கள். சேரும் எல்லா ஊரிலும் ஒரே எடையாக இல்லை. பெரிய படியால் வாங்கி, சின்னப் படியால் விற்றால் வியாபாரிக்குக் கொள்ளை லாபம். விளைவித்தவருக்கும் நட்டம். வாங்கிச் சாப்பிட்டவருக்கும் நட்டம்.

இதை மாற்ற 1956-இல் சட்டம் வந்தது. நாடு முழுவதற்கும் ஒரே அளவு என்று சொன்னது. நீளத்துக்கு மீட்டர். எடைக்குக் கிலோ. எண்ணெய், பால், தண்ணீருக்கு லிட்டர். 1957 ஏப்ரல் 1 முதல் காசும் மாறியது. ஒரு ரூபாய்க்கு 16 அணா என்பது போய், 100 காசு என்று ஆனது.

புதிய அளவில் ஒரு வசதி உண்டு. எல்லாம் பத்து, நூறு, ஆயிரம் என்று போகும். மூன்று சொற்களை மனதில் வையுங்கள்.

கிலோ என்றால் ஆயிரம்.
சென்டி என்றால் நூற்றில் ஒரு பங்கு.
மில்லி என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு.

இப்போது இதைப் படியுங்கள்.

1 கிலோ = 1000 கிராம்
1 லிட்டர் = 1000 மில்லி லிட்டர்
1 மீட்டர் = 100 சென்டி மீட்டர்
1 கிலோ மீட்டர் = 1000 மீட்டர்

இது தெரிந்தால் போதுமா? சந்தைக்குப் போய்ப் பார்ப்போம்.

ஓர் அம்மா புளி விற்க வந்திருக்கிறார். கிலோ 100 ரூபாய் என்று பேசியாகிவிட்டது. வியாபாரி மின்னணுத் தராசில் புளியை வைக்கிறார். தராசில் சிவப்பு எண்கள் எரிகின்றன: 2.500

"ரெண்டு கிலோ அம்பது கிராம் இருக்கும்மா. 205 ரூபாய் வாங்கிக்கங்க."

"ஒரு நிமிஷம் இருங்கண்ணே. புள்ளிக்குப் பின்னால என்ன இருக்கு?"

"அஞ்சு இருக்கும்மா. அதான் அம்பதுன்னேன்."

"அஞ்சு மட்டுமா இருக்கு? அஞ்சு, பூஜ்யம், பூஜ்யம். மூணையும் சேர்த்துப் படிங்க. ஐந்நூறு கிராம். ரெண்டரைக் கிலோ. 250 ரூபாய் கொடுங்க."

வியாபாரி 250 ரூபாயை எண்ணிக் கொடுத்தார். அவர் தெரியாமல் சொன்னாரோ, தெரிந்தே சொன்னாரோ, அது நமக்கு வேண்டாம். அந்த அம்மாவுக்கு 45 ரூபாய் மிஞ்சியது.

தராசைப் படிக்கும் முறை இதுதான். புள்ளிக்கு முன்னால் இருப்பது கிலோ. புள்ளிக்குப் பின்னால் இருக்கும் மூன்று எண்களும் சேர்ந்து கிராம்.

2.500 என்றால் 2 கிலோ 500 கிராம்.
2.050 என்றால் 2 கிலோ 50 கிராம்.
2.005 என்றால் 2 கிலோ 5 கிராம்.
0.250 என்றால் கால் கிலோ.

நான்கையும் வாய்விட்டுப் படியுங்கள். பூஜ்யம் எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள். ஐந்து ஒவ்வோர் இடமாக நகரும்போது, எடை எப்படிக் குறைகிறது பாருங்கள். சில தராசுகளில் புள்ளிக்குப் பின்னால் இரண்டு எண்கள்தான் தெரியும். அப்போது கடைசியில் ஒரு பூஜ்யம் சேர்த்துப் படியுங்கள். 2.50 என்பதும் இரண்டரைக் கிலோதான்.

பொருளை வைக்கும் முன் தராசில் 0.000 இருக்க வேண்டும். தகர டப்பாவில் போட்டு நிறுத்தால், காலி டப்பாவை வைத்த பிறகும் 0.000 காட்ட வேண்டும். இல்லாவிட்டால் டப்பாவின் எடைக்கும் நீங்கள்தான் காசு கொடுக்கிறீர்கள். இரும்புப் படிக்கல்லாக இருந்தால் அதில் அரசு முத்திரை இருக்கிறதா பாருங்கள். மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒரு முறையும், படிக்கல்லுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும் முத்திரை வைக்க வேண்டும். கருங்கல்லை வைத்து நிறுப்பது சட்டப்படி குற்றம். எடையில் குறை இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யலாம்.

துணிக் கடையிலும் கவனம் வேண்டும். பழைய கெஜக்கோல் 91 சென்டி மீட்டர் சொச்சம்தான். மீட்டர் 100 சென்டி மீட்டர். மீட்டருக்கு விலை பேசிக் கெஜத்தில் அளந்தால், 10 மீட்டருக்கு 85 சென்டி மீட்டர் குறையும். ஒரு ரவிக்கைத் துணியே போய்விடும்!

இனி லிட்டர். இங்கே காசு மட்டும் அல்ல, உயிரும் இருக்கிறது.

குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. சுகாதார நிலையத்தில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கொடுக்கிறார்கள். அதை எவ்வளவு தண்ணீரில் கரைப்பது? பொட்டலத்தின் மேல் அச்சிட்டிருக்கும். பெரிய பொட்டலத்தில் 1 லிட்டர் என்று இருக்கும். சிறியதில் 200 மி.லி. என்று இருக்கும். மி.லி. என்பது மில்லி லிட்டரின் சுருக்கம். பெரிய பொட்டலத்தை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்தால் உப்பு மிகவும் அதிகமாகிவிடும். அது குழந்தைக்கு ஆபத்து. சிறிய பொட்டலத்தை 1 லிட்டரில் கரைத்தால் மருந்து நீர்த்துப் போகும். போதிய பலன் இருக்காது.

டம்ளர் வீட்டுக்கு வீடு மாறும். ஆகவே டம்ளர் கணக்கு வேண்டாம். 1 லிட்டர் என்று அச்சிட்ட தண்ணீர் பாட்டில் ஒன்றைக் கழுவி வைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சி ஆறிய தண்ணீரை அதில் அளந்து, சுத்தமான பாத்திரத்தில் ஊற்றுங்கள். அதில் பொட்டலம் முழுவதையும் போட்டுக் கரையுங்கள். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது.

இருமல் மருந்து, காய்ச்சல் மருந்துக்கும் இதே கணக்குதான். டாக்டர் 5 மி.லி. என்று சொன்னால், மருந்துப் பாட்டிலோடு வரும் மூடியில் 5 என்ற கோடு வரை ஊற்றுங்கள். சமையல் கரண்டியால் ஊற்றாதீர்கள்.

கணக்குப் போடுங்கள்

1. தராசில் 0.750 தெரிகிறது. எத்தனை கிராம்?

2. 3.040, 3.400. இதில் எது அதிகம்? எவ்வளவு அதிகம்?

3. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013-இல் வந்தது. அதன்படி முன்னுரிமைக் குடும்பத்தில் ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம். ஒரு வீட்டில் 4 பேர். ஒவ்வொரு 5 கிலோவிலும் 200 கிராம் குறைத்துப் போட்டால், அந்த வீட்டுக்கு மாதம் எவ்வளவு குறையும்? ஆண்டுக்கு எவ்வளவு?

4. உங்கள் வீட்டு டம்ளரால் 1 லிட்டர் பாட்டிலை நிரப்புங்கள். எத்தனை டம்ளர் பிடிக்கிறது? பக்கத்து வீட்டிலும் செய்து பார்க்கச் சொல்லுங்கள். இரண்டையும் நோட்டில் எழுதுங்கள்.

விடைகள்: 1. 750 கிராம். 2. 3.400, 360 கிராம் அதிகம். 3. மாதம் 800 கிராம். ஆண்டுக்கு 9 கிலோ 600 கிராம்.