அணுஉலை வேண்டாம்னு சொன்னவங்க அடுத்து என்ன செஞ்சாங்க?

ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் பஸ்ல போனவங்க காற்றாலைகளைப் பார்க்காம இருந்திருக்க மாட்டீங்க. அங்கே வெஸ்டாஸ்னு ஒரு பேர் பரிச்சயம். 1970களில் அந்த டென்மார்க் கம்பெனி லாரிகளுக்கு ஹைட்ராலிக் கிரேன் செஞ்சுகிட்டு இருந்தது. அதைக் காற்றாலைப் பக்கம் திருப்பினதில் ஒரு போராட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

1973 எண்ணெய் நெருக்கடி டென்மார்க்கை உலுக்கியது. அரசு அணுமின் நிலையம் கட்ட நினைத்தது. 1974இல் எதிர்ப்பு இயக்கம் கிளம்பியது. "அப்போ கரண்டுக்கு என்ன வழி?" என்ற கேள்வி வரத்தானே செய்யும்? பதிலைச் செஞ்சே காட்டலாம்னு இறங்கினாங்க. ட்வின்ட் என்ற இடத்தில் ஆசிரியர்கள் தங்கள் சம்பளத்தைப் போட்டு, மாணவர்களோடும் தன்னார்வலர்களோடும் சேர்ந்து, 2 மெகாவாட்டுக்கு வடிவமைத்த காற்றாலையை 1978இல் ஓடவிட்டாங்க. அந்த இறக்கைத் தொழில்நுட்பத்திலிருந்து சின்ன இறக்கைகள் செய்து விற்கும் பட்டறையும் பிறந்தது. கிறிஸ்டியன் ரிசாகர் என்ற தச்சர் 22 கிலோவாட் இயந்திரங்களைச் செய்து விற்றார். (நம்ம ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ரெக்கார்டு நோட்டைத் தாண்டுறதில்லை, அது வேற கதை.)

எனக்குப் பிடிச்ச பகுதி இனிமேல்தான். புயலில் பிரேக் பிடிக்கலைன்னா ரோட்டர் கட்டுக்கடங்காம சுத்தி சிதறிடும். 1978இல் காற்றாலை வைத்திருந்தவங்க சங்கம் அமைத்தாங்க. ஒன்று பழுதானாலும் மற்றொன்று பிடிக்கிற மாதிரி, தனித்தனியா இயங்கும் 2 பிரேக் அமைப்பு வேணும்னு அவங்க பிடிவாதம் பிடிச்சாங்க. எந்த மெஷின் எத்தனை யூனிட் கொடுத்தது, எது பழுதானதுன்னு மாதாமாதம் பத்திரிகையில் போட்டாங்க. விளம்பரத்தில் என்ன அளந்தாலும், வாங்குறவர் கையில் கணக்கு இருக்கு. மட்டமான சரக்கு எப்படி விலைபோகும்?

1979இல் காற்றாலை வாங்குறவங்களுக்கு விலையில் 30% அரசு மானியம் வந்தது. ரிசோ ஆய்வுக்கூடத்தின் அங்கீகாரம் பெற்ற மாடலுக்கு மட்டும்தான். அதனால பட்டறைக்காரங்களுக்குச் சந்தை கிடைத்தது, தரமும் ஏறியது. பக்கத்து வீட்டுக்காரங்க பங்கு போட்டுக் கூட்டுறவா ஒரு காற்றாலை வாங்குறது ஊருக்கு ஊர் பரவியது. ஹென்றிக் ஸ்டீஸ்டால் என்ற இளைஞரும் ஒரு கொல்லரும் சேர்ந்து உருவாக்கிய 3 இறக்கை வடிவமைப்பை வெஸ்டாஸ் அதே 1979இல்தான் வாங்கியது.

ஜெர்மனியில் அரசுப் பணத்தில் எழுந்த 3 மெகாவாட் க்ரோவியான் 1983இல் ஓடத் தொடங்கி, பழுதுக்கு மேல் பழுதாகி, சில ஆண்டுகளிலேயே பிரிக்கப்பட்டது. அணுமின்சாரத்தைத் தன் திட்டத்திலிருந்தே நீக்க 1985இல் டென்மார்க் நாடாளுமன்றம் முடிவெடுத்தபோது, ட்வின்ட் காற்றாலை சுத்திகிட்டுதான் இருந்தது.