கற்பலகை நட்பு

செட்டிநாட்டு ஊர்களுள் ஆத்தங்குடி தளக்கற்களுக்குப் பெயர் பெற்றது. கண்ணாடிப் பலகையின்மேல் அச்சை வைத்து, அதன் கண்ணறைகளில் வண்ணச் சிமெண்டுக் குழம்பை வார்த்து, மேலே சிமெண்டும் மணலும் இட்டு, அக்கற்களைக் கையாலேயே ஆக்குவர். கலவை குழைப்பவர், வண்ணம் வார்ப்பவர், கல்லை நீரில் இட்டு எடுப்பவர் எனப் பலர் ஒரு கூரையின்கீழ் நாள்தோறும் கூடித் தொழில் செய்கின்றனர். ஒருவர் கைக்குறிப்பை மற்றவர் அறிவர். ஆயினும், ஓரிடத்தில் வேலை செய்வோர் எல்லாரும் நண்பர் ஆகிவிடுவதில்லை. முகம் அறிதல் வேறு; அகம் அறிதல் வேறு.

திருவள்ளுவர் நட்பைப் பற்றி ஐந்து அதிகாரங்கள் வகுத்தார். கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் ஒருவரையொருவர் காணாமலே நண்பர் ஆயினர். சோழன் வடக்கிருந்தபோது ஆந்தையார் வந்து தாமும் உயிர் துறந்தார். காணா நட்பின் பெருமையைச் சங்கப் புலவர் பாடினர். நாள்தோறும் காண்பவரிடையே நட்பு முதிர்வதும் எளிதன்று. பதவி, ஊதியம், மேலோன், கீழோன் என்னும் வேலிகள் அலுவலகத்தில் பல உள. அவ்வேலிகளைக் கடந்த இருவர் வரலாறு ஈண்டுக் கூறப்படுகின்றது.

ஆத்தங்குடியைப் போலச் செட்டிநாட்டு ஊராகிய கோட்டையூரில் தோன்றிய வள்ளல் அழகப்பர், 1950-ஆம் ஆண்டில் சென்னையில் கணித ஆராய்ச்சி நிலையம் ஒன்றை நிறுவி, அதற்கு இராமானுசன் பெயரைச் சூட்டினார். உலகம் போற்றும் அம்மேதை, 1912-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் முதல் நாளன்று சென்னைத் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவில் எழுத்தராய் அமர்ந்தார். திங்கள் ஊதியம் 30 ரூபாய். கணிதம் ஒன்றிலேயே கருத்தைச் செலுத்தியதால் கல்லூரித் தேர்வில் தோற்று, பட்டம் இன்றி, வேலை தேடி அலைந்தவர் அவர்.

அவ்வலுவலகத்தின் தலைமைக் கணக்கர் எஸ். நாராயண ஐயர். கழகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்குக்கு அடுத்த நிலையில் இருந்தவர். முன்னர்த் திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். அவர் இளைஞருடைய குறிப்பேட்டைக் கண்டார். கண்டு, இரண்டு நல்ல சொற்கள் கூறித் திருப்பித் தந்திருந்தால் செய்தி அத்துடன் முடிந்திருக்கும். பெரும்பாலான அலுவலகங்களில் அவ்வாறே முடிகின்றது.

நாராயண ஐயரோ அவரைத் தம் இல்லத்திற்கு வருவித்தார். மாலையில் திருவல்லிக்கேணி வீட்டு மாடியில் இருவரும் ஆளுக்கு ஒரு பெரிய கற்பலகையுடன் அமர்வர். நள்ளிரவு நெருங்கும் வரை கணக்கிடுவர். உறக்கத்தினிடையே பலப்பங்களின் ஒலி காதில் விழுந்துகொண்டே இருந்ததாக நாராயண ஐயரின் மைந்தர் பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

இராமானுசனின் அறிவு படிப்படியாக ஏறுவதன்று, தாவுவது. முதல் வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையே உள்ள வழி அவர் உள்ளத்திலேயே நின்றுவிடும். நாராயண ஐயர், தம் அறிவு நிலைக்கு இறங்கி வருமாறும், இரண்டு படிகளுக்கு இடையே பத்துப் படிகளேனும் எழுதிக் காட்டுமாறும் வேண்டினார். தமக்கே விளங்காதது பிற கணித அறிஞருக்கு எங்ஙனம் விளங்கும் என்பது அவர் வாதம். தம்கீழ்ப் பணி செய்யும் எழுத்தரை நோக்கி, ‘எனக்கு விளங்கவில்லை’ என்று கூற எத்தனை அதிகாரிகளுக்கு நா எழும்? அச்சொல்லில்தான் இவ்விருவர் நட்பின் வேர் இருந்தது. பதவியால் உயர்ந்தவர் அறிவால் தாம் தாழ்ந்தவர் என்பதை மறைக்கவில்லை. அறிவால் உயர்ந்தவரும் அதனைக் காட்டிச் செருக்கவில்லை.

1913-ஆம் ஆண்டில் இந்தியக் கணிதக் கழக இதழில் பகா எண்களைப் பற்றி நாராயண ஐயர் ஒரு கட்டுரை வெளியிட்டு, இராமானுசனின் முடிபுகளை அறிஞர்க்கு அறிவித்தார். ஸ்பிரிங்கின் கருத்தையும் தம் நண்பர்பால் திருப்பினார். அவ்வாண்டு சனவரி 16-ஆம் நாள் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு இராமானுசன் எழுதிய மடலில், தம்மைத் துறைமுகக் கணக்குப் பிரிவின் எழுத்தர் என்றே அறிமுகம் செய்துகொண்டார். மே திங்கள் முதல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் உதவித்தொகை 75 ரூபாய் கிடைக்கவே, அவர் அலுவலக மேசையை விட்டு நீங்கினார். நட்பு நீங்கவில்லை. கடல் கடப்பதா என்று அவர் தயங்கிய காலத்தில் நாராயண ஐயர் நாமக்கல்லுக்கு உடன் சென்றார். நாமகிரித் தாயார் திருக்கோயிலில் தங்கிய மூன்றாம் இரவில் இராமானுசன் விழித்தெழுந்து, செல்லலாம் என்று ஆணை பெற்றதாகத் தம்மிடம் கூறினார் என்பது ஐயர் குடும்பத்தாரிடையே வழங்கும் செய்தி. நண்பர் சென்றால் தம் மாலைப்பொழுதுகள் வெறுமையாகும் என்பதை அவர் அறியாதவர் அல்லர்.

1914-ஆம் ஆண்டு மார்ச்சு 17-ஆம் நாள் இராமானுசன் சென்னையிலிருந்து கப்பலேறினார். 1918-இல் அவர் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினர் ஆனதையும், 1919-இல் நோயுடன் தாயகம் மீண்டு, மறு ஆண்டு ஏப்பிரல் 26-ஆம் நாள் தம் முப்பத்திரண்டாம் அகவையில் மறைந்ததையும் பலரும் அறிவர். அவர் கப்பலேறுமுன் நிகழ்ந்த சிறு செய்தி ஒன்றைச் சிலரே அறிவர். விடைபெறும் வேளையில் நாராயண ஐயர் தம் கற்பலகையைக் கொடுத்து, நண்பரின் கற்பலகையைத் தமக்குத் தருமாறு கேட்டார். இராமானுசன் இசைந்தார், பலகைகள் கைமாறின. நண்பர் அருகில் இல்லாத காலத்தில் அப்பலகையிலிருந்தேனும் தமக்கு ஊக்கம் பிறக்கும் என்று தந்தையார் எண்ணியிருக்கலாம் என்பது மைந்தர் கருத்து.