புகைப்படக் கலையின் நல்லாசான்

கலையொன்றை விரும்பி, ஓய்வு நேரத்தில் அதனைப் பயில்வோர் உலகில் பலர். அக்கலையையே வாழ்க்கைத் தொழிலாகக் கொண்டு, அதில் புகழும் எய்துவோர் மிகச் சிலரே. இவ்விரு நிலைகளுக்கும் இடையே அகன்ற ஆறு ஒன்று ஓடுகிறது. ஆர்வம் ஒன்றையே துணையாகக் கொண்டு அதனை நீந்திக் கடக்க முயல்வோர் நடுவழியில் சோர்ந்துபோதல் உண்டு. புகைப்படக் கலையில் அத்தகையோர்க்குப் பாலமாக விளங்கியவர், அமெரிக்க நாட்டுக் கிளாரன்சு வைட் என்னும் பெரியார் ஆவார்.

வைட், ஒகையோ மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் 1871ஆம் ஆண்டு பிறந்தார். நியூவார்க் என்னும் சிறு நகரில் மளிகைப் பொருள்களை மொத்தமாக விற்கும் வாணிக நிலையம் ஒன்றில் கணக்கராக அமர்ந்தார். 1893இல் அவருக்குத் திருமணம் நிகழ்ந்தது. அவ்வாண்டு சிகாகோ நகரில் நடைபெற்ற உலகப் பொருட்காட்சிக்கு மணமக்கள் இருவரும் சென்று வந்தனர். புகைப்படக் கலையில் வைட்டின் உள்ளம் ஈடுபட்டது அந்நாள்களிலேதான்.

ஆர்வம் பெரிது, ஊதியமோ சிறிது. அவர் கையாண்ட காமிராவுக்குக் கண்ணாடித் தகடுகள் வேண்டும். வாரத்திற்கு இரண்டு தகடுகள் வாங்குவதற்கே அவருடைய பொருள்நிலை இடந்தந்தது. எனவே, எண்ணிப் பாராமல் ஒரு படமும் எடுக்க இயலவில்லை. கணக்கேடுகளைப் புரட்டிய நாள்களிலேயே, அடுத்த படம் எவ்வாறு அமைய வேண்டும், ஒளி எப்பக்கத்திலிருந்து விழ வேண்டும், நிற்பவர் எங்கே நிற்க வேண்டும் என்பனவற்றையெல்லாம் அவர் மனத்திலே வரைந்து வைத்துக்கொள்வார். பகற்பொழுது அலுவலுக்கு உரியது; விடியற்காலையும் அந்திப் பொழுதும் விடுமுறை நாளுமே கலைக்கு உரியன. மனைவியும் மனைவியின் உடன்பிறந்த பெண்டிரும் அவருடைய படங்களுக்கு நின்று உதவினர். இளங்காலை ஒளியும் விளக்கொளியும் மென்மையாகப் படியும் அவருடைய படங்கள், பின்னர்ப் பலராலும் பாராட்டப் பெற்றன. வறுமை விதித்த கட்டுப்பாடே அவருக்குத் தனி நடை ஒன்றை அளித்தது எனலாம்.

1898இல் நியூவார்க் நகரத்து ஆர்வலர்களை ஒன்றுசேர்த்து அவர் ஒரு கழகம் நிறுவினார். 1902இல் ஆல்பிரட் ஸ்டீகிளிட்சு என்னும் கலைஞர் தொடங்கிய புகழ் வாய்ந்த புகைப்படக் குழுவில் வைட்டும் ஒருவரானார். ஆயினும், கணக்கர் வேலையை அவர் உடனே விட்டுவிடவில்லை. பத்து ஆண்டுகளுக்கு மேல் பயின்று தேர்ந்த பின்னர், 1904இல்தான் அதனைத் துறந்தார். அப்பொழுது அவருக்கு மனைவியும் இரு மைந்தரும் இருந்தனர். மாதந்தோறும் வந்த ஊதியம் நின்றது. படத்தால் வரும் வருவாயோ உறுதியற்றது. 1906இல் குடும்பத்துடன் நியூயார்க் மாநகரில் குடியேறினார். கலையைத் தொழிலாக்குவதில் உள்ள இடர்களை அவர் நூல்களில் படித்து அறியவில்லை, வாழ்ந்தே அறிந்தார். அதனாலேயே பிறர்க்கு வழிகாட்டும் தகுதியும் பெற்றார்.

1907இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆசிரியர் கல்லூரியில் புகைப்படக் கலை கற்பிக்கும் பணி அவரை நாடி வந்தது. 1914இல் நியூயார்க் நகரிலேயே தம் பெயரால் தனிப் பள்ளி ஒன்றை நிறுவினார். அங்குக் கற்பிக்கப்பட்டவை எவை? காமிராவின் அமைப்பு, வில்லையின் இயல்பு, இருட்டறையில் படத்தைக் கழுவி அச்சிடும் முறை ஆகியவை ஒருபுறம் கற்பிக்கப்பட்டன. மற்றொருபுறம், ஓவியரான மேக்சு வெபர் கலை வரலாற்றையும் வடிவமைப்பையும் கற்பித்தார். கோடும் வட்டமும் சதுரமும், ஒளியும் நிழலும் ஒரு சட்டத்துக்குள் எவ்வாறு இசைந்து நிற்க வேண்டும் என்பதை மாணவர் பயிற்சிகளால் உணர்ந்தனர். பின்னர், ஒவ்வொருவரும் தாம் எடுத்த படத்தை அனைவர் முன்னிலையிலும் வைத்து, அதன் நிறைகுறைகளை ஆராய்வர். கருவியை இயக்குதல் கைப்பழக்கம், காணுதல் மனப்பழக்கம். இவ்விரண்டும் கூடியவிடத்தே கலைஞன் தோன்றுகிறான் என்பது அப்பள்ளியின் கொள்கையாக இருந்தது.

தொழில் செய்து வாழ்வதற்கான வழியையும் பள்ளி மறக்கவில்லை. அக்காலத்தில் இதழ்களும் விளம்பரங்களும் புகைப்படங்களை மிகுதியாக நாடத் தொடங்கியிருந்தன. அவற்றிற்கு ஏற்ற படங்களை எடுக்கவும் மாணவர்க்குப் பயிற்சி கிடைத்தது. பிற துறைகளில் பெண்டிர்க்கு வாயில்கள் அடைபட்டிருந்த அந்நாளில், வைட்டின் வகுப்புகளில் அவர்கள் பெருந்தொகையினராகப் பயின்றனர்.

மரத்தின் சிறப்பைக் கனியால் அறியலாம். காரல் ஸ்டிரசு என்பவர் பகலில் தம் தந்தையின் தொழிற்சாலையில் உழைத்து, மாலையில் வைட்டின் வகுப்பில் பயின்றவர். அவர் பின்னர்த் திரைப்படத் துறையில் புகுந்தார். திரைப்பட ஒளிப்பதிவுக்காக முதன்முதல் 1929இல் வழங்கப்பட்ட ஆஸ்கர் பரிசை மற்றொருவருடன் பகிர்ந்து பெற்றார். பால் அவுட்டர்பிரிட்சு என்னும் மாணவர், சதுரங்கப் பலகை போன்ற கட்டங்களின்மேல் சட்டைக் கழுத்துப்பட்டை ஒன்றை வைத்து 1922இல் எடுத்த விளம்பரப் படம், விளம்பரமும் கலையாகலாம் என்பதை மெய்ப்பித்தது.

டாரதியா லாங்கு என்னும் நங்கை, வைட்டிடம் பயின்ற பின்னர், சான் பிரான்சிசுகோ நகரில் படநிலையம் நடத்தி வந்தார். 1936இல், பட்டாணி பறிக்க வந்து வேலையின்றிப் பசியால் வாடிய உழவர் குடும்பங்களை அவர் படம் எடுத்தார். அவை நாளிதழில் வெளிவந்ததும், அரசினர் அம்முகாமுக்கு உணவு அனுப்பினர். மார்கரட் பூர்க் வைட் என்னும் மற்றொரு மாணவி, தம் தாயார் இருபது டாலருக்கு வாங்கித் தந்த, வில்லையில் கீறல் விழுந்த காமிராவைக்கொண்டு பயிலத் தொடங்கியவர். 1946இல் இராட்டையின் அருகே அமர்ந்து படிக்கும் காந்தியடிகளைப் படம் பிடித்தவர் இவரே. அதற்கு முன்னர்த் தமக்கு நூற்கக் கற்பிக்கப்பட்டதாக அவர் எழுதியுள்ளார்.

இம்மாணவர்கள் புகழெய்திய படங்கள் ஆசிரியர் படத்தின் சாயலாக நில்லாமை வியப்பன்றோ? வைட்டின் படங்கள் பனி படர்ந்தாற்போன்ற மென்மை உடையன. மாணவர் பலருடைய படங்களோ கூர்மையும் தெளிவும் உடையன. தம்மைப் போலப் படமெடுக்குமாறு அவர் எவரையும் வற்புறுத்தவில்லை. அவரவர் கண்ணை அவரவர்க்குத் திறந்துவிடுதலே ஆசிரியர் கடமை என்று கருதினார்.

1925ஆம் ஆண்டு மாணவர்களுடன் மெக்சிகோ நகருக்குச் சென்றிருந்தபொழுது, வைட் மாரடைப்பால் உயிர் நீத்தார். அவருக்கு அப்பொழுது வயது ஐம்பத்து நான்கு. பெரும்பொருள் எதனையும் அவர் சேர்த்து வைக்கவில்லை. எனினும், அவருடைய மனைவியும் பின்னர் மகனும் பள்ளியை 1940களின் தொடக்கம் வரை நடத்தினர்.

இன்று கைப்பேசி உள்ளவர் அனைவரிடமும் காமிரா உள்ளது. ஒரு நாளில் நூறு படம் எடுப்பினும் செலவில்லை. ஆயினும், வாரத்திற்கு இரண்டே தகடுகள் கொண்டிருந்த அக்கணக்கர், ஒவ்வொரு படத்திற்கும் முன் எத்துணை நேரம் எண்ணிப் பார்த்தார் என்பது நினைவிற்கொள்ளத் தக்கது. ஆர்வம் விதை, பயிற்சி நீர், நல்லாசிரியர் துணை வேலி. இம்மூன்றும் வாய்க்கப்பெற்ற கலை, உரியவர்க்கு வாழ்வளிப்பதோடு உலகிற்கும் பயன் தரும்.