அமெரிக்கத் தனியார் வங்கி நோட்டு சேகரிப்போருக்குச் சில குறிப்புகள்

1. 1860கள் வரை அமெரிக்காவில் மாநில அரசின் அனுமதி பெற்ற தனியார் வங்கிகள் ஆளுக்கொரு நோட்டு அடித்தன. 1866 முதல் இவற்றின் மேல் 10 சதவீத வரி விழுந்ததும் புழக்கம் நின்றுபோனது. புதிதாகச் சேகரிப்பவர்கள் நியூ ஆர்லியன்ஸ் கனால் வங்கியின் கையெழுத்திடாத நோட்டுகளிலிருந்து தொடங்கலாம். புழக்கத்துக்கே வராமல் தங்கிவிட்டவை என்பதால் மடிப்புக்கூட விழாமல் கிடைக்கும், விலையும் கட்டுப்படியாகும்.

2. மூன்று டாலர் நோட்டைப் பார்த்ததும் போலி என்று ஒதுக்காதீர்கள். அன்று பல வங்கிகள் அதை வெளியிட்டன.

3. வாங்கும் முன் பூதக்கண்ணாடியில் கையெழுத்தைப் பாருங்கள். வங்கித் தலைவரும் காசாளரும் மை தொட்டுத் தங்கள் கையாலேயே கையெழுத்திட்டார்கள். எண்ணையும் பெரும்பாலும் கையால்தான் எழுதினார்கள். பேனா அழுந்திய இடத்தில் மை அடர்ந்தும், இழுத்த இடத்தில் மெலிந்தும், காலப்போக்கில் பழுப்பேறியும் இருக்கும். கையெழுத்தும் படமும் ஒரே நிறத்தில், ஒரே சீராக இருந்தால் அது பிற்காலத்து நகல். இந்த ஒரு சோதனையே பல ஏமாற்றங்களைத் தவிர்க்கும்.

4. 'பாங்க் ஆஃப் தி யுனைடெட் ஸ்டேட்ஸ்' பெயரில், 8894 என்ற எண்ணுடன், மஞ்சளாக மொடமொடக்கும் தாளில் வரும் 1000 டாலர் நோட்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள். நினைவுப் பொருளாக ஏராளமாக அச்சடிக்கப்பட்ட நகல் அது.

5. அந்தக் காலத்துக் கள்ள நோட்டு கிடைத்தால் பத்திரப்படுத்துங்கள். ஒரு டாலரைப் பத்தாகத் திருத்துவதும், திவாலான வங்கியின் பெயரைச் சுரண்டிவிட்டு நல்ல வங்கியின் பெயரைப் பதிப்பதும் அன்று சாதாரணம். கடைக்காரர்கள் இவற்றைக் கண்டுபிடிக்கவென்றே தனிப் பத்திரிகை வாங்கினார்கள். திருத்திய இடத்தை வெளிச்சத்தில் பிடித்தால் தாள் மெலிந்து தெரியும். சரித்திரம் அப்படியே பதிந்திருக்கும் இந்த நோட்டுகளைத் தேடி வாங்குவோர் உண்டு.

6. கழுவுவது, இஸ்திரி போடுவது, செல்லோடேப் ஒட்டுவது, லேமினேட் செய்வது எதுவும் கூடவே கூடாது. அழுக்கோடு இருக்கும் நோட்டுக்கு மதிப்பு உண்டு, கழுவியதற்குக் குறைந்துவிடும். பிவிசி உறை நாளடைவில் பிசுபிசுத்துத் தாளைக் கெடுக்கும். மைலார் உறையில் போட்டு, வெயிலும் ஈரமும் படாத அலமாரியில் வையுங்கள்.

7. விலை பேசுமுன் ஜேம்ஸ் ஹாக்ஸ்பியின் நான்கு தொகுதி அட்டவணையைப் புரட்டுங்கள். 1988இல் வந்த நூல் என்பதால் அதிலுள்ள விலைகளை விட்டுவிடுங்கள். மாநில வாரியாக, வங்கி வாரியாக உள்ள விவரங்களுக்கு அதைப் பாருங்கள். இன்றைய விலைக்குச் சமீபத்திய ஏல முடிவுகளே சரி.